என்விடியா விழுந்த நாளில் வால்யூம் சொன்னது என்ன?

2025 ஜனவரி 27. சீனாவின் டீப்சீக் ஏஐ பற்றிய பேச்சு பரவ, என்விடியா பங்கு 142 டாலரில் இருந்து 118 டாலருக்குச் சரிந்தது. ஒரே நாளில் 17% காலி. சந்தை மதிப்பில் கிட்டத்தட்ட 59,000 கோடி டாலர் ஆவியானது.

அன்று கைமாறியவை 80 கோடிக்கும் அதிகமான பங்குகள். வழக்கமான நாளைப்போல சுமார் மூன்று மடங்கு. 'எல்லாரும் வித்துட்டு ஓடுறாங்க' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் விற்ற ஒவ்வொரு பங்கையும் யாரோ ஒருவர் வாங்கியும் இருக்கிறார். வால்யூம் சொல்வது சண்டை எவ்வளவு பெரிது என்பதை மட்டுமே. ஜெயிப்பது யார் என்பதை அது சொல்லாது.

மறுநாள் விலை 9% போல ஏறியது, முந்தைய நாளைவிடக் குறைந்த வால்யூமில். 'பாட்டம் போட்டாச்சு' என்று அவசரப்பட வைக்கும் இடம் இதுதான். பிப்ரவரியில் விலை 140-ஐ எட்டியபோது அது சரி என்றே தெரிந்தது. ஏப்ரலில் டிரம்பின் வரி அறிவிப்பு வந்தது. பங்கு 100 டாலருக்கும் கீழே போனது. ஜூலையில் அதே நிறுவனம் 4 லட்சம் கோடி டாலர் மதிப்பைத் தொட்டது. கடன் வாங்கிப் போட்டவருக்கு அதுவரை தாக்குப்பிடிப்பது கஷ்டம்தான்.

நம்மூர் ஐடி பங்குகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. என்எஸ்இ தினமும் டெலிவரி சதவீதத்தை வெளியிடுகிறது. வால்யூம் எகிறி, டெலிவரி குறைவாக இருந்தால், அன்றைய கூட்டத்தில் பாதிக்கு மேல் சாயங்காலத்துக்குள் கிளம்பிவிட்ட இன்ட்ராடே ஆட்கள்.