நில மட்ட அளவைகள் எவர்க்கும் உரியன

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை, வெள்ள அபாயம் அறிதற்பொருட்டு விமானத்தினின்று லேசர் ஒளி பாய்ச்சி எடுத்த நில மட்ட அளவைகளை, 2015-ஆம் ஆண்டில் இணையத்தின் வாயிலாக எவரும் இலவசமாய்ப் பெறுமாறு வெளியிட்டது. முன்னர் வர்த்தகர்கள் அவற்றிற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. வரிப்பணத்தால் அளந்ததை மீண்டும் விற்பது முறையன்று. வெளியிட்டபின், மண்ணில் மறைந்து கிடந்த ரோமானியர் சாலைகளையும் ஆராய்ச்சியாளர் அவற்றிற் கண்டனர். அளந்தோர் இதனை எண்ணியிருப்பரோ!

2000-ஆம் ஆண்டில் எண்டெவர் விண்கலம் ராடார் கொண்டு எடுத்த அளவைகளில் தமிழ்நாட்டுக் கிராமங்களும் அடங்கும், அவையும் இலவசமே. ஆயின் 30 மீட்டர்ச் சதுரத்திற்கு ஓர் உயரமே காட்டுவதால், வயல் வரப்பு அவற்றிற் புலப்படாது. வாய்க்காலின் வாட்டம் சிறிது தவறினும் கடைமடைக்கு நீர் ஏறாதன்றோ? அதற்கு மீட்டருக்கு மீட்டர் அளந்த லேசர்க் கணக்கே வேண்டும். அத்தகைய அளவை எடுக்கும் எந்த இலாகாவும் அதனைப் பூட்டி வையாது, கிராம அதிகாரிகளுக்கும் குடியானவர்களுக்கும் விலையின்றித் தருதல் வேண்டும்.