முதலில் பூனையிடம் கேளுங்கள்

தம்பி அதைச் சேட்டுக்குள் வைத்துத்தான் கொண்டு வந்தான். குருக்கள்மடத்துப் பாதையடியில் ஒரு மட்டைப்பெட்டிக்குள் கிடந்ததாம். "பாதை" என்றதும் வெளியூர் நண்பர்கள் றோட்டை நினைப்பீர்கள். எங்களுக்கு அது வாவியைக் கடக்கிற மிதவை. ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரை அம்பிளாந்துறைக்குப் போகும். அந்தக் கரையில் கிடந்த பெட்டிக்குள், கண் திறந்து கொஞ்ச நாளான ஒரு வெள்ளைக் குட்டி. ஒரு காது மட்டும் மண்ணிறம். பெட்டை.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனைகள். சாம்பலி, ஆறு வயது. அடுப்படியும் அம்மம்மாவின் சாய்மனைக் கதிரையும் அவளுடைய ஆட்சி. மற்றது அவளுடைய குட்டி, நாலு மாதக் கடுவன்.

அன்றைக்கு நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாம்பலியின் முகத்துக்கு நேரே வைத்தோம். ஏனென்றால் தங்கச்சியின் கையில் போன் தயாராக இருந்தது. "நாயும் பூனையும் முதல் சந்திப்பு" என்று வீடியோ போட வேண்டும். நாலு செக்கனில் எல்லாம் முடிந்துவிட்டது. சாம்பலி சீறினாள், குட்டி விளையாட்டென்று நினைத்துக் கிட்டப் போனது, மூக்கில் ஒரு கீறல். குட்டி கத்திய கத்தலில் சாம்பலி மதில் பாய்ந்து போனவள், இரண்டு இரவு வீட்டுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அம்மம்மா சொன்னா: "நாயும் பூனையும் ஒரு வளவுக்க ஒத்துவருமா மனே? பெட்டை நாய் வேற. கொண்டு போய் அக்கரையில விட்டுட்டு வா. தண்ணி தாண்டி விட்டாத் திரும்பி வராது."

அம்மம்மா கெட்ட மனுசி இல்லை. ஊரில் எல்லாரும் சொல்வதைத்தான் அவவும் சொன்னா. ஆனால் அந்த வசனம் எங்களை உலுக்கிவிட்டது. அந்தக் குட்டியைப் பெட்டிக்குள் போட்டவரும் இதே வசனத்தைத்தான் சொல்லியிருப்பார். ஒருவேளை அக்கரையில் இருந்தே வந்திருக்கலாம். அக்கரையார் இக்கரையில் விட, இக்கரையார் அக்கரையில் விட, பாதைக்குத்தான் ஓயாத வேலை.

இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். நாயும் பூனையும் ஒத்துவராது என்பது விலங்குகளைப் பற்றிய உண்மை இல்லை. அது எங்கள் அவசரத்துக்கு நாங்கள் வைத்திருக்கிற நல்ல பெயர்.

சும்மா சொல்லவில்லை. சீன உளவியலாளர் குவோ 1930 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். எலி கொல்லுகிற தாய்ப்பூனையைப் பார்த்து வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. எலியோடேயே ஒரே கூட்டில் வளர்ந்த 18 குட்டிகளில் 3 மட்டும்தான் கொன்றன. "எலியும் பூனையும் போல" என்று நாங்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிற பகைக்கே இதுதான் நிலைமை. நாயும் பூனையும் எந்த மூலைக்கு?

2008 இல் தெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே வீட்டில் வாழ்கிற நாய்களையும் பூனைகளையும் பார்த்து எழுதினார்கள். பூனை முதலில் இருந்து, நாய் பிறகு வந்த வீடுகளில் உறவு நன்றாக அமைய வாய்ப்புக் கூட. பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் அறிமுகமானால் இன்னும் நல்லது. அதாவது எங்கள் வீட்டு நிலைமை மோசமே இல்லை. நாங்கள் தொடங்கிய விதம்தான் மோசம்.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், இரண்டும் உடம்பால் பேசுகிற மொழி வேறு. நாய்க்குட்டி வாலை ஆட்டினால் பெரும்பாலும் சந்தோசம். பூனை வாலை அடித்து ஆட்டினால் எரிச்சல். குட்டி முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தினால் "வா விளையாடுவம்" என்று அர்த்தம். பூனைக்கு அது பாய ஆயத்தமாகிற நிலை. நாய் மல்லாந்து படுத்தால் அடங்கிப் போகிறது. சண்டை நேரத்தில் பூனை மல்லாந்தால் நாலு காலின் நகமும் தயார் என்று பொருள். அதே ஆய்வு சொல்கிற அழகான விசயம், சேர்ந்து வாழ்கிற நாயும் பூனையும் மற்றதின் மொழியைப் படித்துக்கொள்கின்றன. பூனைகள் தங்களுக்குள் செய்வது போல மூக்கோடு மூக்கு வைத்து வணக்கம் சொல்ல நாய்களும் பழகுகின்றன. ஆனால் மொழி படிக்க நேரம் வேண்டும். நாலு செக்கன் வீடியோவில் யாராலும் ஒரு மொழி படிக்க முடியாது.

அதனால் நாங்கள் திரும்ப முதலிலிருந்து தொடங்கினோம். குட்டியைப் பின்பக்க அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். குட்டி படுத்த துணியைச் சாம்பலி சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்திலும், சாம்பலி படுத்த சாக்கைக் குட்டிக்குப் பக்கத்திலும் போட்டோம். பூனைக்கு முதலில் அறிமுகமாக வேண்டியது முகம் இல்லை, மணம். முதல் நாள் சாம்பலி துணியை மோந்து பார்த்துச் சீறிவிட்டுப் போனாள். நாலாம் நாள் பக்கத்தில் இருந்தே நெத்தலி தின்றாள். பிறகு மூடிய கதவின் இரண்டு பக்கமும் சாப்பாட்டுத் தட்டு. பிறகு கதவை ஒரு விரல் அளவு திறந்து. ஒரு கிழமை கடந்த பிறகுதான் குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒரே அறையில் விட்டோம், அதுவும் ஐந்து நிமிசம்.

இதில் நாங்கள் படித்த மூன்று பாடங்கள்.

ஒன்று, பூனைக்கு உயரம் வேண்டும். அலுமாரிக்கு மேலே, யன்னல் கட்டில், நாய் ஏற முடியாத ஒரு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ஓட வழி இருக்கிற பூனை அநேகமாகச் சண்டை போடாது. மூலைக்குள் மாட்டிய பூனைதான் கீறும்.

இரண்டு, சீறுகிற பூனைக்கு அடிக்கக் கூடாது. சீறல் என்பது "கிட்ட வராதே" என்று மரியாதையாகச் சொல்வது. அதைச் சொல்லவிடாமல் செய்தால், அடுத்த தடவை சொல்லாமலே அடிக்கும்.

மூன்று, குட்டி பூனையைத் துரத்துவதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சின்னக் குட்டி துரத்தினால் வேடிக்கை. அதே குட்டி ஆறு மாதத்தில் பூனையைவிட மூன்று மடங்கு பெரிதாகிவிடும், துரத்துகிற பழக்கமும் கூடவே வளர்ந்திருக்கும். அதனால் துரத்தத் தொடங்கினால் கயிற்றைப் பிடித்துக் கூப்பிடுங்கள், திரும்பி வந்தால் ஏதாவது தின்னக் கொடுங்கள்.

இதெல்லாம் சரி, படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது, இவ்வளவுக்கு யாரிடம் நேரம் இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் பதிலும் நேரடியானது: நேரம் இல்லாவிட்டால் குட்டியைக் கொண்டு வராதீர்கள். இரக்கப்பட்டுக் கொண்டு வந்து மூன்று நாளில் இரக்கம் முடிந்து அக்கரையில் விடுவதைவிட, கொண்டு வராமல் வேறொரு நல்ல வீடு தேடிக் கொடுப்பது பெரிய உதவி.

கைவிடப்படுகிறதில் பெட்டைக்குட்டிகளே அதிகம் என்பதைச் சந்தைப் பக்கம், கோயில் வாசல் பக்கம் போகிற யாரும் கண்ணால் பார்க்கலாம். கடுவனை யாராவது எடுத்துவிடுவார்கள். பெட்டை என்றால் "குட்டி போடும்" என்று பயம். பயத்துக்கு மருந்து கருத்தடைச் சத்திரசிகிச்சை, மட்டைப்பெட்டி இல்லை. ஒரு பெட்டை நாய் வருசத்துக்கு இரண்டு தடவை குட்டி போடலாம். இன்றைக்கு நாங்கள் பெட்டியில் போட்டு விடுகிற ஒன்று, அடுத்த வருசம் பத்துப் பெட்டிகளாகத் திரும்பி வரும். இலங்கையில் 2006 இலிருந்து தெருநாய்களைக் கொல்லாமல் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வதே அரசின் கொள்கை. அந்தக் கொள்கை வெல்வதும் தோற்பதும் பாதி எங்கள் வீட்டு வாசலில்தான்.

இன்னொரு விசயத்தையும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். தெருவிலிருந்து வந்த குட்டி, பூனை இரண்டுக்கும் விசர்நாய்த் தடுப்பூசி போட வேண்டும். மனிதருக்கு வருகிற விசர்நாய் நோயில் 99 வீதம் நாயால்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஆனால் பூனையாலும் வரும். அறிமுக நாட்களில் கீறலும் கடியும் யாருக்கும் படலாம். பட்டால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிசம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அறிகுறி வந்த பிறகு அந்த நோயிலிருந்து தப்புகிறவர் இல்லை என்றே சொல்லலாம். பூச்சி மருந்தும் தெள்ளு மருந்தும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள். தெள்ளுக்கு நாய், பூனை என்ற பேதம் கிடையாது. எதை எந்த வயதில் என்று மிருக வைத்தியர் சொல்லுவார்.

எங்கள் வீட்டில் இப்போது என்ன நிலைமை? சினிமா முடிவு ஒன்றும் இல்லை. கடுவன் குட்டிதான் முதலில் சேர்ந்தது. இரண்டும் வளவுக்குள் புரண்டு விளையாடி, களைத்துப்போய் ஒரே சாக்கில் படுக்கும். சாம்பலி இன்னும் சேரவில்லை. கதிரையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. நாய்க்குட்டி கிட்டப் போனால் ஒரு பார்வை பார்ப்பாள், அது உடனே கிறுகிப் போய் வாசலில் படுத்துவிடும். அவ்வளவுதான். நண்பர்களாக வேண்டும் என்று அவளைக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. அவள் முதலில் வந்தவள்.

வீடியோ இன்றுவரை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

போன கிழமை அம்மம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. வலப்பக்கம் சாம்பலி, இடப்பக்கம் நாய்க்குட்டி, நடுவில் கத்தி. இரண்டுக்கும் ஒவ்வொரு தலை போட்டுவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டா.

"மனே, இதுக்கு ஊசி எப்ப?"

அக்கரைப் பேச்சு பிறகு எங்கள் வீட்டில் வரவில்லை.