முதல் வாரம் வீணன்று

நமது பள்ளியில் பயின்று இன்று கல்லூரியில் படித்துவரும் மாணவர் சிலர், சென்ற விடுமுறையில் தொண்டூழியராகக் கம்போடியாவின் தலைநகராகிய நோம் பென் சென்று, மூன்று வாரம் தங்கி மீண்டனர். பெற்றோர் நாளன்று அவர்கள் தம் அனுபவங்களைக் கூறி முடித்ததும், பின் வரிசையிலிருந்த தந்தையொருவர் எழுந்தார். “ஏன் தம்பி, மூணு வாரத்துல ஒரு வாரம் சந்தையைச் சுத்துறதுலயும் பேசிப் பழகுறதுலயுமே போயிடுச்சே, அப்புறம் தொண்டு எப்பதான் செஞ்சீங்க?” என்று வினவினார். அவையில் சிரிப்பு எழுந்தது. மாணவர்கள் நாணித் தலை குனிந்தனர். அவர்கள் அவ்வாறு தலை குனிந்திருக்க வேண்டியதில்லை என்பதே எமது கருத்து.

தந்தையின் வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுத்த ஆண்டு தம் மகளை அனுப்ப எண்ணி, இப்பொழுதே மிகைநேர வேலை செய்து வெள்ளி சேர்த்து வருபவர் அவர். பாடுபட்டுச் சேர்த்த பணத்திற்குக் கணக்குக் கேட்பது தவறாகாது. ஆதலின் அந்த ஒரு வாரக் கணக்கை அவர் முன் வைக்க விரும்புகின்றோம்.

முதலில் சாலையைக் கடத்தல். இது ஒரு பெரிய காரியமா என்று எண்ண வேண்டா. நம் நாட்டில் வண்டிகள் இடப்புறமாகச் செல்லும். நாம் முதலில் வலப்பக்கம் நோக்கப் பழகியவர்கள். கம்போடியாவிலோ வண்டிகள் வலப்புறமாகச் செல்வன. அங்கே முதலில் இடப்பக்கம் நோக்க வேண்டும். அதற்கு மேல், வெள்ளம்போல் வரும் மோட்டார் சைக்கிள்கள்! நம் மாணவர்கள் முதல் நாள் காலை நெடுநேரம் சாலையோரத்திலேயே நின்றுவிட்டனர். இறுதியில் அருகே மீ விற்றுக் கொண்டிருந்த அம்மையார் ஒருவர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து, கைபிடித்து அவர்களைக் கடத்தி விட்டாராம். தொண்டு செய்யச் சென்றவர்கள் முதலில் தொண்டு பெற்றனர்.

அந்நகரின் பல தெருக்களுக்குப் பெயரில்லை, எண்தான். வடக்குத் தெற்காக ஓடுவன ஒற்றைப்படை, கிழக்கு மேற்காக ஓடுவன இரட்டைப்படை. இதனை அரை நாளில் கற்றுக் கொண்டனர். ஆனால், வீட்டு எண்கள் வரிசையாக இருப்பதில்லை என்பதைக் கற்க மூன்று நாள் அலைந்தனர். பணமும் இருவகை. விலையை அமெரிக்க டாலரில் சொல்வர். சில்லறையை ரியெலில் தருவர். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியெல். சற்றே கிழிந்த டாலர் தாளையும் கடைக்காரர் வாங்குவதில்லை.

வணக்கம் சொல்வதிலும் ஒரு கல்வி இருந்தது. அங்கும் நம்மைப் போலவே கைகூப்புவர். அதற்குச் சம்பெயா என்று பெயர். ஒத்த வயதினர்க்கு நெஞ்சளவில் கூப்பும் கை, பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் மூக்களவிலும், துறவியர்க்குப் புருவத்தளவிலும் உயர வேண்டும். அம்மக்கள் பள்ளியைச் ‘சாலா’ என்கின்றனர். ஆசிரியரைக் ‘க்ரு’ என்கின்றனர். பாடசாலையும் குருவும் நமக்கு அயலா? அவர்தம் எழுத்தும் பல்லவர்கால எழுத்தின் வழி வந்ததே. இதனை அறிந்த அன்று நம் மாணவர்க்கு உண்டான மகிழ்ச்சியை அவர்கள் முகத்திலேயே கண்டோம்.

எல்லாம் இவ்வாறு இனிமையாக இல்லை. 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் கெமர் ரூஜ் படையினர் அந்நகரினுள் புகுந்து, ஏறத்தாழ 20 இலட்சம் மக்களை நோயாளியென்றும் முதியவரென்றும் பாராது நாட்டுப்புறங்களுக்கு விரட்டினர். துவோல் சிலெங் என்னுமிடத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளி சிறைக்கூடமாயிற்று. வகுப்பறைகளைச் செங்கல் வைத்துச் சிற்றறைகளாகத் தடுத்தனர். கற்றவர் என்பதற்காகவே ஆசிரியர் பலர் கொல்லப்பட்டனர். 1979 சனவரியில்தான் அக்கொடிய ஆட்சி வீழ்ந்தது. அந்நகரில் நரைத்த தலையுடன் எதிர்ப்படும் எவரும் அந்நாட்களைக் கடந்து வந்தவராக இருக்கலாம். இதை அறியாது அவர்முன் நின்று சிரித்துப் படம் எடுத்துக் கொள்வது எத்துணைப் பிழை!

அம்மக்கள் பிறர் கையை எதிர்நோக்கியே வாழ்பவரும் அல்லர். 1993இல் அந்நகரின் குடிநீரில் நூற்றுக்கு 70 பங்கிற்கு மேல் கசிவிலும் களவிலும் கணக்கின்றிப் போயிற்று. குழாயில் நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரமே நீர் வந்தது. ஏக் சோன் சான் என்ற பொறியாளரின் தலைமையில் அந்நகர ஊழியர்களே அதனைச் சீர்செய்து, நாள் முழுதும் நீர் வரச் செய்தனர். வெளிநாட்டுப் பண உதவி கிடைத்தது உண்மை. எனினும் உழைப்பு அவர்களுடையது. அவருக்கு 2006இல் மக்சேசே விருது வழங்கப்பட்டது. இதனை அறிந்து செல்பவன், தான் ஓர் இரட்சகன் என்ற எண்ணத்தோடு அங்கே இறங்குவானா?

பால்மரம் வெட்டியவர்களுக்கு நாம் சொல்ல வருவது எளிதில் விளங்கும். கத்தி பிடிக்கக் கற்பவன் கையில் முதல் நாளே நல்ல நிரையைக் கொடுப்பார்களா? ஆழம் தெரியாமல் வெட்டினால் மரத்தில் காயம் விழும். அவ்விடத்துப் பட்டை பின்னர் முண்டும் முடிச்சுமாகவே வளரும். வெட்டியவன் வேறு தோட்டத்துக்குப் போய்விடலாம். காயம் மரத்தோடு நிற்கும்.

இத்தகைய காயம் கம்போடியாவில் விழுந்திருக்கின்றது. அயல்நாட்டு இளைஞர்கள் அநாதைக் குழந்தைகளைக் காண விரும்பி வரவர, அநாதை இல்லங்களும் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதாகப் பின்னர் ஆய்வுகளில் தெரிந்தது. வறுமையால் பிரிக்கப்பட்ட பிள்ளையை ஒருவர் இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுகின்றார். அடுத்த வாரம் வேறொருவர் வருகின்றார். அப்பிள்ளையின் நெஞ்சம் என்ன பாடுபடும்? தாய்மார்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் மாணவர்களின் முதல் திட்டத்திலும் அத்தகைய இல்லமொன்று இருந்தது. அந்த முதல் வாரத்தில் ஊராரிடம் பேசிப் பழகியபின், அதனைத் தாமே விலக்கினர்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு பள்ளியில் நாள்தோறும் காலையில் சுவருக்குச் சாயம் பூசுவதாக இங்கிருந்தே திட்டமிட்டுச் சென்றிருந்தனர். அங்கே போய்ப் பார்த்தால், முன்னர் வந்த குழுக்கள் அச்சுவருக்கு இருமுறை சாயம் பூசியிருந்தன! அன்றியும், அப்பள்ளி காலை, மாலை என இருவேளை நடப்பது. காலையில் வேலை செய்தால் பாடம் கெடும். என்ன வேண்டும் என்று ஆசிரியையைக் கேட்டபோது, ஆட்டங்கண்ட மேசைகளைக் காட்டினார். ஆகவே எஞ்சிய நாட்களில், முற்பகல் பதினொன்றுக்கும் பிற்பகல் ஒன்றுக்கும் இடைப்பட்ட வெயில் வேளையில், ஊர்த் தச்சர் ஒருவருக்குக் கையாளாக நின்று மேசைகளைச் செப்பனிட்டனர். எத்தனை மேசை என்று நாம் கேட்டோம். இருபத்தாறு என்றனர். குறைவுதான். ஆனால், அந்த இருபத்தாறும் அப்பள்ளிக்குத் தேவையாயிருந்தவை.

அடுத்த ஆண்டுப் பயணத்திற்கும் முதல் வாரத்தை இவ்வாறே ஒதுக்குமாறு ஏற்பாட்டாளரை வேண்டுகின்றோம். வினா எழுப்பிய தந்தையின் மகள் பெயரும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அவள் இப்பொழுதே முதலில் இடப்பக்கம் பார்த்துச் சாலையைக் கடக்கப் பழகுகிறாளாம். அதை இந்த ஊரில் செய்யாதே என்று தாயார் கண்டித்ததாகக் கேள்வி.