பெண்ணும் பெண்ணும் கல்யாணம்: ஐகோர்ட்டு என்ன சொல்லும்?

கணியம்பாடி:

"நாங்கள் இரண்டு பேரும் பெண்கள். கல்யாணம் செய்துகொண்டோம். அது செல்லும் என்று சொல்லுங்கள்" என்று கேட்டு யாராவது சென்னை ஐகோர்ட்டுக்குப் போனால் என்ன தீர்ப்பு வரும்?

கணியம்பாடி பஸ் ஸ்டாப்பில் வேலூர் பஸ்சுக்காக நிற்பவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். "கலிகாலம் சார்! கோர்ட்டே தாலி எடுத்துக் கொடுத்தாலும் கொடுக்கும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் நடக்காது, பிடிச்சு உள்ளே தள்ளிடுவாங்க" என்பார் இன்னொருவர்.

இரண்டும் தப்பு. ஐகோர்ட்டு தாலி எடுத்துக் கொடுக்கவும் கொடுக்காது. பிடித்து உள்ளே தள்ளவும் தள்ளாது. கல்யாணத்துக்கு "இல்லை" என்றும், சேர்ந்து வாழ்வதற்கு "சரி" என்றும் சொல்லும். இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. பழைய தீர்ப்புகளைப் புரட்டினால் போதும்.

வேலூர் வழக்கு

இது எங்கோ டெல்லி, பம்பாய் சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2025-ம் ஆண்டு நாடு முழுவதும் பேசப்பட்ட வழக்கில் எதிர்மனுதாரராக நின்றது நம் வேலூர் மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுதான்.

ஒரு இளம்பெண்ணை அவருடைய குடும்பத்தாரே வீட்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய தோழி ஆட்கொணர்வு மனு போட்டார். அடித்தார்கள், "சரியாகிவிடும்" என்று சடங்குகள் செய்தார்கள் என்பது புகார். உதவி கேட்டும் போலீஸ் அசையவில்லை.

நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் முன்னிலையில் அந்தப் பெண் ஆஜர்படுத்தப்பட்டார். தோழியோடு போகவே விரும்புகிறேன் என்றார். தாயாரோ, மகளைக் கெடுத்ததே அந்தத் தோழிதான் என்றார்.

2025 மே 22-ந்தேதி தீர்ப்பு வந்தது. அந்தப் பெண் தன் இஷ்டப்படி போகலாம். குடும்பத்தார் குறுக்கே நிற்கக்கூடாது. தேவைப்படும்போது போலீஸ் பாதுகாப்பு கொடுக்க வேண்டும். போலீசின் மெத்தனத்துக்குக் கண்டனமும் கிடைத்தது. அதோடு விடவில்லை. கல்யாணம் ஒன்றினால்தான் குடும்பம் உண்டாகும் என்பதில்லை, இப்படிப்பட்டவர்களும் குடும்பமாக வாழலாம் என்று நீதிபதிகள் எழுதிவிட்டார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "இவர்கள் கணவன்-மனைவி" என்று தீர்ப்பில் எங்கும் இல்லை.

பூட்டும் சாவியும்

ஏன் இல்லை? சுப்ரீம் கோர்ட்டு பூட்டிய பூட்டை ஐகோர்ட்டு திறக்க முடியாது. அரசியல் சட்டம் 141-வது பிரிவின்படி சுப்ரீம் கோர்ட்டு சொன்ன சட்டம் எல்லாக் கோர்ட்டுகளையும் கட்டுப்படுத்தும்.

தன்பாலின உறவு குற்றம் அல்ல என்று 2018 செப்டம்பர் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஜெயில் பயம் அன்றோடு போயிற்று. அடுத்தபடியாகக் கல்யாண உரிமை கேட்டுப் போனார்கள். 2023 அக்டோபர் 17-ந்தேதி 5 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கல்யாணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் 5 பேரும் ஒன்று. கல்யாணம் என்று பெயர் வைக்காமல் ஒரு பந்தமாகவாவது அங்கீகரிக்கலாமா என்ற கேள்விக்கு, தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் "ஆம்" என்றார்கள். மற்ற 3 பேர் "கூடாது, அது சட்டம் இயற்றுகிறவர்கள் வேலை" என்றார்கள். மெஜாரிட்டி தீர்ப்பே சட்டம். மறு ஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி.

ஆகவே, எந்த ஐகோர்ட்டு நீதிபதியானாலும், மனசுக்குள் என்ன நினைத்தாலும், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொண்ட கல்யாணம் செல்லும் என்று எழுத இன்று வழியில்லை.

ஒரே ஒரு வகைக்கு மட்டும் வழி உண்டு. தூத்துக்குடி கோவிலில் ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட கல்யாணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். திருநங்கையும் "மணமகள்"தான், பதிவு செய்யுங்கள் என்று 2019 ஏப்ரல் 22-ந்தேதி மதுரை கிளை உத்தரவு போட்டது. போட்டவர் அதே நீதிபதி சுவாமிநாதன். சட்டம் இடம் கொடுத்த அளவுக்கு அவர் போனார். 2025-லும் இடம் கொடுத்த அளவுக்குத்தான் போனார்.

ஸ்டேஷனுக்குத் தெரியுமா?

வழக்கில் நிஜமாகப் பணயம் வைக்கப்படுவது தாலி அல்ல. பூட்டிய வீட்டுக்குள் இருக்கிற பெண்ணின் உயிர். அவள் முதலில் போய் நிற்பது கோர்ட்டு வாசலில் அல்ல, போலீஸ் ஸ்டேஷன் வாசலில். அங்கே ரைட்டர் என்ன சொல்கிறார் என்பதுதான் அவளுக்குத் தீர்ப்பு.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள் வழக்கில் 2021 ஜூன் 7-ந்தேதி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விவரமாக உத்தரவு போட்டார். "எனக்கே இது புரியவில்லை" என்று அவரே மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுதிய உத்தரவு அது. காணாமல் போன புகாரில் தேடப்படுகிறவர்கள் மேஜர், விருப்பப்பட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடித்துவிட வேண்டும். "மாற்றுகிறேன்" என்று சிகிச்சை செய்யக்கூடாது. இவர்களைத் தொல்லை செய்யக்கூடாது என்று 2022-ல் போலீஸ் நடத்தை விதிகளிலேயே சேர்த்தாகிவிட்டது.

2021-ல் உத்தரவு, 2022-ல் விதி. அதற்குப் பிறகும் 2025-ல் வேலூர் பெண்ணுக்காக ஐகோர்ட்டு தலையிட வேண்டியிருந்தது. விதி புத்தகத்தில் இருக்கிறது. ஸ்டேஷனுக்கு வரவில்லை என்றுதானே அர்த்தம்?

கையெழுத்து யார் போடுவது?

சரி, சேர்ந்து வாழ்கிறார்கள். ஒருத்திக்கு ஆபரேஷன் என்றால் பாரத்தில் கையெழுத்து யார் போடுவது? ஒருத்தி இறந்துபோனால் வீடு யாருக்கு? "குடும்பம்" என்று கோர்ட்டு சொன்னது உண்மை. ஆனால் அப்படி எழுதிக்கொள்ள சப்-ரிஜிஸ்தர் ஆபீசில் பாரம் இல்லை.

2024-ல் மத்திய அரசு சில சலுகைகளைச் சொன்னது. இவர்கள் பாங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை ஒருவர் வாரிசுதாரராக நியமிக்கலாம், ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றது. ஒப்பந்தப் பத்திரம் மாதிரி ஒன்றைக் கொண்டுவரலாமே என்று 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமிழக அரசுக்கு யோசனை சொன்னார். ஐகோர்ட்டால் யோசனைதான் சொல்ல முடியும்.

அண்ணா காட்டிய வழி

"கோர்ட்டு மறுத்தால் கதை முடிந்தது" என்று நினைப்பவர்கள் நம் ஊர் சரித்திரத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஐயர் இல்லாமல், அக்னி இல்லாமல், மாலை மாற்றிச் செய்த சுயமரியாதைக் கல்யாணம் செல்லாது என்று 1953-ல் இதே சென்னை ஐகோர்ட்டு சொல்லிற்று. அப்படிக் கல்யாணம் செய்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் கதி? அவர்கள் மறுபடி கோர்ட்டுப் படி ஏறியதால் அது மாறவில்லை. 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தையே திருத்தினார்கள். ஜனாதிபதி ஒப்புதலும் கிடைத்தது. முன்பு நடந்த கல்யாணங்களும் சேர்த்துச் செல்லுபடியாயின. கோர்ட்டு அடைத்த கதவை சட்டசபை திறந்தது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். தைவானில் கோர்ட்டு 2 ஆண்டு கெடு வைத்தது. பாராளுமன்றம் 2019-ல் சட்டம் போட்டது. தாய்லாந்தில் பாராளுமன்றமே சட்டம் கொண்டுவந்து 2025 ஜனவரியில் அமலாயிற்று.

ஆகவே அடுத்த வழக்கு எப்போது வந்தாலும் தீர்ப்பு ஏறக்குறைய இதுதான். "கல்யாணம் செல்லும் என்று அறிவியுங்கள்" என்று கேட்டால், "பாராளுமன்றத்துக்குப் போங்கள்" என்பார்கள். "எங்களை நிம்மதியாக வாழ விடச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "தாராளமாக" என்பார்கள்.

பெற்றவர்களுக்கு வருத்தம் இருக்கும். அதை யாரும் பரிகாசம் செய்ய முடியாது. வேலூர் வழக்கில் அந்தத் தாயை நீதிபதிகளும் பரிகாசம் செய்யவில்லை. ஆனால் மேஜரான மகளை அறையில் போட்டுப் பூட்டினால், சாவி கடைசியில் கோர்ட்டு கைக்குத்தான் போகும். அதற்குள் மகளின் மனசு வெகுதூரம் போயிருக்கும்.

பூட்டைப் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்கலாமே!