டிராக்டர் கிளம்பாவிட்டால் டிரைவர் குற்றவாளியா?

"டிராக்டர் கிளம்பவில்லை, டிரைவர் சரியில்லை." தோட்டத்து ஆபீசில் இந்த இரண்டு பேச்சும் இரட்டைப் பிள்ளைகளைப்போல் சேர்ந்தே பிறக்கின்றன. முதற்பேச்சு உண்மை. அதைக் கண்ணால் பார்க்கிறோம். இரண்டாம் பேச்சுக்கு ருசு எங்கே? எதைக் கழற்றிப் பார்த்தார்கள்? யார் பார்த்தார்கள்? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

இது டிரைவர் ஒருவருடைய தலைவலி என்று பால்வெட்டும் தோழர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். பால் டாங்கி இழுக்கும் டிராக்டர் நேரத்துக்கு வராத நாளில் நட்டம் யாருக்கு? இருட்டோடு எழுந்து, மரம் மரமாய் நடந்து சேர்த்த பால் வாளியில் நிற்கிறது. பால் காத்திருக்குமா? வெயில் ஏற ஏற உறைந்துபோகும். உறைந்தபின் அது கட்டிப்பால் கணக்கில் போகும். பாலுக்கு ஒரு விலை, கட்டிப்பாலுக்கு ஒரு விலை. ஆகவே, கிளம்பாத டிராக்டர் நம் சம்பளத்தைத் தின்கிற டிராக்டர்!

கிழட்டு வண்டி என்னும் சாக்கு

டிரைவர்மேல் பழி ஒட்டாவிட்டால், "வண்டி பழசு, என்ன செய்வது?" என்பது நிர்வாகத்தின் அடுத்த சமாதானம். மாசி பெர்கூசன் 135 என்ற டிராக்டர் 1964ல் வெளிவந்தது. அந்த ரக வண்டிகள் இன்றும் பல நாடுகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பழைய டீசல் எஞ்சினில் கம்ப்யூட்டர் இல்லை, மந்திரமும் இல்லை. பெட்ரோல் வண்டியைப்போல் தீப்பொறி போடும் பிளக்கும் இல்லை. பிஸ்டன் அமுக்கும் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அதில் புகையாய்த் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. அது கேட்பவை மூன்றே: தடையில்லாத காற்று, நல்ல அமுக்கம், சுத்தமான டீசல். இவை இருந்து, வேகமாகச் சுற்ற நல்ல பேட்டரியும் இருந்தால் வண்டி கிளம்பியே தீரும். வயது நோயல்ல. கவனிப்பாரற்றுக் கிடப்பதுதான் நோய்.

வரிசையாகப் பார்ப்போம்

சுத்தியலை எடுக்குமுன் கண்ணால் பார்க்க வேண்டியவை சில. எஞ்சினை நிறுத்தும் குமிழ் வெளியே இழுத்தபடி நிற்கிறதா? டாங்கியில் டீசல் இருக்கிறதா? அதன் குழாய் திறந்திருக்கிறதா? கியர் நடுநிலையில் இருக்கிறதா? கியரில் கிடந்தால் ஸ்டார்ட்டர் இயங்காதபடி பல வண்டிகளில் காப்புச் சுவிட்சு உண்டு.

சாவியைத் திருப்பினால் "டிக், டிக்" என்று மட்டும் சத்தம் வந்தால், முதலில் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். ஓய்வில் 12 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் சார்ஜ் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்று பொருள். பேட்டரி நன்றாயிருந்தும் சுற்றாவிட்டால், அதன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். வண்டி உடலோடு சேரும் வயரையும் மறக்கக்கூடாது. கழற்றும்போது அந்த வயரைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்தில் சிகரெட் கூடாது. அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும்.

எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லையா? புகைக்குழாயைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை, அமுக்கம் குறைந்திருக்கலாம். கரும்புகை என்றால் மூச்சு அடைத்திருக்கிறது. காற்று வடிகட்டியைத் திறக்க வேண்டும்.

டீசல் வரவில்லையென்றால் பெரும்பாலும் குற்றவாளி காற்றுக்குமிழி. டாங்கி ஒருமுறை வறண்டுபோனாலும் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது திருகை இறுக்க வேண்டும். பிறகு இஞ்செக்ஷன் பம்பிலும் அப்படியே. கடைசியாக இஞ்செக்டர் குழாய்களின் நட்டைச் சற்றுத் தளர்த்தி எஞ்சினைச் சுற்றவிட்டால், மிஞ்சிய காற்றும் போய்விடும். அங்கே மட்டும் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கையே போய்விடலாம்.

கோளாறின் வேர் எங்கே?

இப்போது சொல்லுங்கள், இவற்றில் டிரைவர் குற்றம் எத்தனை? குமிழை உள்ளே தள்ள மறந்தால் அது அவர் கவனக்குறைவுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால், ஆயுள் முடிந்த பேட்டரியை மாற்ற அனுமதிக்காதவர் யார்? பில்டருக்கு எழுதிய சிட்டை மேசையில் போட்டுவைத்தவர் யார்? சிக்கனம் என்று டீசலை அளந்து அளந்து கொடுத்து, டாங்கியை வறளவிட்டவர் யார்? ஐந்து லிட்டர் டீசலை மிச்சம் பிடித்து, ஒரு காலைப்பொழுதின் பாலைக் கட்டிப்பாலாக்குவது என்ன சிக்கனம்?

நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் மூன்று நாள் டிராக்டர் கிளம்பவில்லை. மூன்று நாளும் டிரைவருக்குத்தான் வசவு. நான்காம் நாள் டீசல் கிண்ணத்தைக் கழற்றியபோது அதில் நின்றது துருப்பிடித்த தண்ணீர்! பாதி நிறைந்த டிரம் மழையிலும் வெயிலும் கிடந்தால் உள்ளே ஈரம் வியர்த்துத் தண்ணீராய் அடியில் தங்கும். அதிலும் பாமாயில் கலந்த டீசல் ஈரத்தை அதிகமாக இழுக்கும். டிரம்முக்குக் கூரை போடாதது டிரைவரா?

இந்த வீரம் வேண்டாம்

நம் தோழர்களுக்கும் ஒரு கண்டிப்பான சொல். தரையில் நின்றுகொண்டு திருப்புளியை ஸ்டார்ட்டரில் வைத்துக் கிளப்புவது கெட்டிக்காரத்தனமல்ல. அது காப்புச் சுவிட்சை ஏமாற்றும் வேலை. கியரில் கிடந்தால், பற்றிய மறுகணமே பின்சக்கரம் நின்றவர்மேல் ஏறிவிடும். பல நாடுகளில் இப்படி உழைப்பாளிகள் மாண்டிருக்கிறார்கள். காற்றுக்குழாயைச் சூடேற்றும் கருவியுள்ள எஞ்சினில் ஈதர் அடிப்பதும் வெடிக்கு அழைப்பு. பத்துப்பேர் சேர்ந்து சரிவில் உருட்டிக் கிளப்புவதும் வேண்டாம். "எப்படியாவது கிளப்பு" என்று உத்தரவிடுபவர் சக்கரத்தடியில் நிற்பதில்லை.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, இயன்றவரை இயந்திரங்களைப் பாதுகாப்பாகப் பேணுவதும், தொழிலாளிக்குப் பயிற்சி கொடுப்பதும் முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1ல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருக்கிறதென்று நம்ப நியாயமிருந்து, முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி விலகிக்கொள்ளலாம். தீபகற்பத்தில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சட்டம் அனுமதிக்காத எந்தப் பிடித்தத்தையும் தடுக்கிறது. வண்டி நின்ற நாளுக்கு அபராதம் என்று சம்பளத்தில் கைவைப்பவர் அந்தப் பிரிவைப் படித்துவிட்டு வரட்டும்.

கிராணிமாரே, பேனா நம் கையில்!

செக்ரோலில் "டிரைவர் தாமதம்" என்று எழுத ஒரு நொடி போதும். "பேட்டரி செத்தது, மாற்றச் சொல்லிக் கேட்ட தேதி இது" என்று எழுத இன்னும் ஒரு நொடிதான் ஆகும். முதலாவது ஒரு மனிதனைக் குற்றவாளியாக்கும். இரண்டாவது உண்மையைக் காப்பாற்றும். டிரைவர் இந்தோனேசியத் தோழராகவோ வங்காளதேசத் தோழராகவோ இருந்து, தம் பக்கத்தைச் சொல்ல மொழி தெரியாமல் நிற்கும்போது, நாம் எழுதும் அந்த ஒரு வரிதான் அவருக்கு வக்கீல்.

நாம் கேட்பவை இவை:

1. ஒவ்வொரு டிராக்டருக்கும் ஒரு பராமரிப்புப் புத்தகம். டிரைவர் சொல்லும் கோளாறு அன்றே அதில் ஏற வேண்டும்.

2. பில்டர், பேட்டரி, எண்ணெய் ஸ்டோரில் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும்.

3. டீசல் டிரம் கூரையின்கீழ் வைக்கப்பட வேண்டும். வண்டி டாங்கி வறளக்கூடாது.

4. காரணம் கண்டுபிடித்து எழுதாமல் எவர்மேலும் குற்றம் சுமத்தக்கூடாது.

5. வண்டி வராமல் உறைந்த பாலுக்குப் பாலின் கணக்கிலேயே கூலி.

இவற்றில் எதுவும் ஆகாத காரியமல்ல. தோட்டக் கமிட்டிகள் அடுத்த கூட்டத்திலேயே இவற்றைத் தீர்மானமாக்கி நிர்வாகத்திடம் கொடுக்கட்டும். கிளம்பாத டிராக்டருக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைப் புத்தகத்தில் எழுதுங்கள். மனிதன் தலையில் எழுதாதீர்கள்!