உறங்கும் கூட்டாளி

2006 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரு வினோதம் நடந்தது. மொத்தம் 234 இடம். ஆட்சி அமைக்க வேண்டியது 118. முதலிடத்தில் வந்த தி.மு.க-வுக்குக் கிடைத்ததோ வெறும் 96. இங்கே எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை இல்லாமல் போனது 1952-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. "மைனாரிட்டி தி.மு.க அரசு" என்று அறிக்கைக்கு அறிக்கை எழுதினார் ஜெயலலிதா. அரசு கவிழ்ந்ததா? இல்லை. கருணாநிதி ஐந்து வருடத்தையும் முழுசாக ஓட்டிவிட்டார்!

கணக்கு இதுதான். காங்கிரஸ் 34, பா.ம.க 18, மார்க்சிஸ்ட் 9, இந்திய கம்யூனிஸ்ட் 6. தி.மு.க-வோடு சேர்த்தால் 163. 2008-ல் பா.ம.க-வும் இடதுசாரிகளும் விலகிப் போன பிறகும் 96-ம் 34-ம் 130. போதும். ஆக, அரசின் குடுமி காங்கிரஸ் கையில். அந்த 34 பேருக்கும் சட்டமன்றக் கட்சித் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? பூந்தமல்லி எம்.எல்.ஏ டி.சுதர்சனம். 2010-ல் அவர் இறக்கும்வரை அந்தப் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது.

இவ்வளவு பலம் இருந்தும் காங்கிரஸுக்கு ஒரு மந்திரி பதவிகூட இல்லை. கட்சிக்குள் ஆட்சியில் பங்கு கேட்டுக் குரல்கள் எழுந்தன, எழுந்த வேகத்தில் அடங்கின. காரணம் டெல்லி. அங்கே மன்மோகன் சிங் அரசுக்கு தி.மு.க எம்.பி-க்கள் தேவை. கோட்டையின் கணக்கை டெல்லியில் நேர் செய்துகொண்டார்கள்.

1952-ல் கதை வேறு. சென்னை மாகாணத்தில் 375-க்கு 152 மட்டுமே வென்ற காங்கிரஸ், ராஜாஜியை முதல்வராக்கியது. தேர்தலிலேயே நிற்காத அவரை மேலவைக்கு நியமித்தது பெரிய அநியாயம், அதை விடுங்கள். ஆனால் ஆதரவு கொடுத்த மாணிக்கவேலு நாயக்கரை மந்திரி ஆக்கினார்கள். தப்பு நடந்தால் அவரும் சபையில் பதில் சொல்லியாக வேண்டும்.

பி.காம் முதல் வருடத்தில் 'ஸ்லீப்பிங் பார்ட்னர்' பற்றிப் படிப்போமே (தமிழ் வழிப் புத்தகத்தில் 'உறங்கும் கூட்டாளி', கேட்கவே சிரிப்பு வரும்), அவருக்குக்கூட கடனில் பொறுப்பு உண்டு. வியாபாரத்தைக் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. 'வெளியிலிருந்து ஆதரவு' அதைவிட சௌகரியம். கலர் டி.வி வந்தால் கூட்டணியின் சாதனை. கரண்ட் போனால், நாங்கள் மந்திரிசபையில் இல்லையே என்று ஒதுங்கிக்கொள்ளலாம். யாருக்கும் முழு மெஜாரிட்டி தராத மக்கள் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்? இங்கே அதிகாரம் பிரிந்தது, பொறுப்பு மட்டும் பிரியவே இல்லை. அந்த 34 பேர் மந்திரிசபையில் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்க வேண்டும். இல்லை, எதிர்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் போனதுதான் கோளாறு.

2011-ல் பில் வந்தது. தி.மு.க 23. காங்கிரஸ் 63 இடத்தில் நின்று ஜெயித்தது 5. பூந்தமல்லியும், புதிதாகப் பிறந்த அம்பத்தூர், ஆவடி தொகுதிகளும் மொத்தமாக அ.தி.மு.க-வுக்குப் போயின.