மண் அறிக்கை யார் கையில்?

பட்டாசு ஆபீசுக்கு வேலைக்குப் போகிற நம்ம சனத்துக்கு ஒரு காகிதத்தின் விலை தெரியும். எந்த அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று உரிமத்தில் எழுதியிருக்கிறது. எழுதினது பீரோவுக்குள்ளே, ஆளு அறைக்குள்ளே. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் செத்துப்போனார்கள். விதி இல்லாமலா செத்தார்கள்? விதி இருந்தது.

நாம் குடியிருக்கிற வீட்டுக்கு அடியிலும் இதே கதைதான் நடக்கிறது.

விருதுநகர், சாத்தூர் பக்கம் பெரும்பகுதி கரிசல். ஐப்பசி மழையில் தண்ணியைக் குடித்து உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மேலே இருக்கிற வீடும் வருசா வருசம் ஏறி இறங்கும். சன்னல் மூலையிலிருந்து சுவர் கோணலாகக் கீறும். கேட்டால், 'இந்தச் சனத்துக்கு வீட்டை வச்சுக்கத் தெரியல' என்று பழியை நம் தலையில் போடுவார்கள். குத்தம் மண்ணிலும் இல்லை, மனுசனிலும் இல்லை. மண்ணைக் கேட்காமல் கட்டியதில்தான் குத்தம்.

ஊர் மேட்டில் இருக்கும். சேரிக்குப் பள்ளத்தையும் ஓடைக் கரையையும் கம்மாய் ஓரத்தையும் ஒதுக்கி வைத்தது சாதி. மண் பரிசோதனை அதிகம் வேண்டிய இடமே அதுதான். அங்கேதான் 'சின்ன வீடுதானே, எதுக்குப் பரிசோதனை?' என்கிறார்கள். மாணவர் விடுதி, பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி என்று பெரிய வேலை வந்தால் அறிக்கை வாங்குகிறார்கள். வாங்கி, பில்லோடு சேர்த்துக் கட்டி வைக்கிறார்கள்.

அந்த அறிக்கையில் இருப்பது ஒன்றும் மந்திரமில்லை. எத்தனை இடத்தில் துளை போட்டார்கள், எவ்வளவு ஆழம், எந்த ஆழத்தில் எந்த மண், ஊற்று எங்கே, மண் எவ்வளவு உப்பும், எவ்வளவு பாரம் தாங்கும், என்ன அஸ்திவாரம் போடலாம் - இவ்வளவுதான். ஆழமான கரிசலில், ஈரம் ஏறி இறங்காத ஆழத்துக்கு, சுமார் மூன்றரை மீட்டருக்குக் கீழே போய், அடி அகன்ற பைல் போடலாம் என்று ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வழி கண்டு எத்தனையோ வருசமாச்சு. வழி இருக்கிறது. நம் தெருவுக்குத்தான் வரவில்லை.

அறிக்கை வாங்கினால் மட்டும் ஆபத்து போய்விடாது. துளை போட்ட இடத்து மண்ணைத்தான் அது சொல்லும். இரண்டு துளைக்கு நடுவே இருப்பது ஊகம். கோடையில் பார்த்த ஊற்று மட்டம் கார்த்திகைக்குப் பொருந்தாது. கட்டடத்தை இருபதடி தள்ளி மாற்றினாலும், ஒரு மாடி கூட்டினாலும் பழைய அறிக்கை செல்லாது. வானம் தோண்டும்போது அறிக்கையில் இல்லாத மண் வந்தால் வேலையை நிறுத்தி, அதை எழுதியவரையே கூப்பிட்டுக் காட்ட வேண்டும். குழிக்குள் நிற்கிற நம்ம ஆளுக்குத்தான் அது முதலில் தெரியும். ஆனால் அவன் பேச்சைக் கேட்பார் யார்?

2019 டிசம்பர் 2 விடியலில் மேட்டுப்பாளையம் நடூரில் 20 அடி உயரச் சுவர் மழையில் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 தலித்துகளைக் கொன்றது. அந்தச் சுவரைப் பற்றிச் சனங்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். ஈர மண் தள்ளுவதையும் தண்ணி வடிவதையும் கணக்குப் போட்டுக் கட்டிய சுவரா அது? பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு அதைக் கேட்கிற அதிகாரம் இல்லாமல் போனது. அதுதான் தீண்டாமை.

தோழர்களே, இனி நம் பகுதியில் அரசுக் கட்டடம் எழும்பும் ஒவ்வொரு இடத்திலும் கேட்போம். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மண் அறிக்கையின் நகலைக் கேட்போம். எத்தனை துளை, எந்த மாதம், அறிக்கை சொன்ன ஆழமும் தோண்டிய ஆழமும் ஒன்றா? கிராம சபையில் இதை வாசிக்கச் சொல்வோம். பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் படிக்கிற நம் பிள்ளைகள் அதைத் தமிழில் சொல்லிக் கொடுக்கட்டும். டேப் எடுத்துக் குழிக்குள் இறங்கட்டும்.

படிப்பு நமக்கு எதுக்கு என்று கேட்டவர்களுக்கு இதுவும் ஒரு பதில். சுவர் விழுந்த பிறகு நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பதைவிட, வானம் தோண்டுகிற அன்றைக்கே போய் நிற்போம்.